இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு இடையே: மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு கேள்வி

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை அன்று, தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் வாக்குப்பதிவு நிறைவுற்றது. அடுத்த வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 26 அன்று, கேரளத்தின் 20 தொகுதிகளும் வாக்களிக்க இருந்தன. இடையில் இருந்தவை ஏழே நாட்கள். ஆனால் மதுரையில் உறவினர்களும் மட்டாஞ்சேரியில் வீடும் உள்ள ஒரு தமிழ்க் குடிமகனுக்கு அந்த ஏழு நாட்கள் கடினமான ஒரு கேள்வியைக் கொண்டுவந்தன. மதுரையில் அரிவாள் சுத்தியல் நட்சத்திரச் சின்னத்தில் சு. வெங்கடேசன் நின்றார், அவருக்காக வாக்குக் கேட்ட அணியில் காங்கிரசும் இருந்தது. எர்ணாகுளத்தில் அதே சின்னத்தில் கே.ஜே. ஷைன் நின்றார், அவருக்கு எதிரே முதன்மைப் போட்டியாளராக நின்றவர் காங்கிரசின் ஹைபி ஈடன். அங்கே தோழமை, இங்கே எதிர்ப்பு என்றால் இரண்டில் எது உண்மை என்பதே அக்குடிமகனின் கேள்வி.

இத்தகைய குடிமகனுக்குத் தனியாக ஒரு பெயர் தேவையில்லை. மசாலாப் பண்டகசாலைகள் வரிசையாக நிற்கும் பஜார் ரோட்டிலும், தமிழ் பேசும் சலவைத் தொழிலாளர்கள் தலைமுறைகளாக உழைத்துவரும் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவின் சுற்றுப்புறத்திலும் அவரைப் போன்றவர்களைக் காணலாம். அவர் கட்சி உறுப்பினர் அல்லர். கூட்டங்களுக்கு வருவார், பின்வரிசையில் நிற்பார்; நிதி கேட்டால் இயன்றதைத் தருவார்; வேலைநிறுத்தம் என்றால் வேலைக்குப் போகமாட்டார். காலையில் மலையாள நாளிதழ், வாரம் ஒருமுறை தமிழ் ஏடு. வாக்கு பெரும்பாலும் இடதுசாரிகளுக்கே. ஆனால் கேள்வி கேட்காமல் வாக்களிப்பவர் அல்லர். தேர்தல் காலத்தில் கட்சி உறுப்பினர்கள் மிகுந்த கவனத்தோடு செவிசாய்க்க வேண்டியது இவரைப் போன்றோருக்குத்தான். எதிரணியில் உறுதியாக நிற்பவரை ஒரு வாரத்தில் மாற்றுவது அரிது. பின்வரிசையில் நிற்பவரை இழப்பதோ எளிது.

சாப்பா எறியப்பட்ட ஊர்

அவர் தேசிய அரசியலைப் பற்றிக் கொண்டிருக்கும் கருத்துகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவர் வாழும் ஊரிலிருந்து முளைத்தவை. கொச்சித் துறைமுகத்தில் ஒருகாலத்தில் வேலை பங்கிடப்பட்ட முறைக்குச் ‘சாப்பா’ என்று பெயர். சாப்பா என்பது ஓர் உலோக வில்லை. அது கையில் இருந்தால் அன்றைக்குக் கப்பலில் வேலை உண்டு. விடியற்காலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூடி நிற்க, ஒப்பந்தக்காரரின் ஆள் அந்த வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே எறிவான். பசியோடு நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அதற்காக அடித்துக்கொள்வார்கள். யாருக்குக் கிடைத்தது, யாருடைய கை முறிந்தது என்பதெல்லாம் எறிந்தவனுக்கு ஒரு பொருட்டே அல்ல. தொழிலாளியைத் தொழிலாளியோடு மோதவிடும் வரையில் கூலியைப் பற்றிய கேள்வி எழாது என்பதே அந்த முறையின் சூட்சுமம்.

அந்த முறைக்கு எதிராகத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. சைதும் சைதலவியும் குண்டுக்கு இரையானார்கள். போலீஸ் சித்திரவதையில் ஆன்றணி உயிரிழந்தார். அன்றைய திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது காங்கிரஸ் ஆட்சி. 2023இல் வெளிவந்த ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படம் இந்தப் போராட்டத்தைப் புதிய தலைமுறையின் கண்முன் கொண்டுவந்தது. தியாகிகளின் பெயர்களைச் சேர்த்துப் படித்தாலே அந்த ஊரின் அரசியல் புரியும். எறியப்பட்ட வில்லைக்காக மோதிக்கொண்டவர்கள், வில்லையை எறிந்தவனை நோக்கித் திரும்பியபோது அவர்களுக்கு இடையே மதம் குறுக்கே நிற்கவில்லை.

மட்டாஞ்சேரிக்கு இன்னொரு நினைவும் உண்டு. கோவாவில் போர்த்துக்கீசியரின் கொடுமைக்கு அஞ்சி வந்த கொங்கணி மக்களுக்கு இங்கே இடம் கிடைத்தது. யூதர்கள் 1568இல் எழுப்பிய பரதேசி தொழுகைக்கூடம் அரண்மனைக் கோவிலின் அருகிலேயே நிற்கிறது. குஜராத்தி வணிகர்கள், கச்சி மேமன்கள், தக்கணி பேசும் முஸ்லிம்கள், தமிழர்கள் என்று வந்தோரெல்லாம் ஒருசில கல் தொலைவுக்குள் கலந்து வாழ்கிறார்கள். இடம் கேட்டு வந்தவனிடம் ‘உன் மதம் என்ன?’ என்று கேட்டு, அதன்படி கதவைத் திறக்கும் வழக்கம் அந்த ஊரின் வரலாற்றில் இல்லை.

குடிமகன் காணும் இந்தியா

இந்த இரண்டு நினைவுகளும் உள்ளவருக்கு, அந்தத் தேர்தலில் எதை எதிர்க்க வேண்டும் என்பதில் ஐயம் இருக்கவில்லை. 2024 மார்ச் 11 அன்று குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கான விதிகளை ஒன்றிய அரசு வெளியிட்டது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்குக் கதவு திறக்கிறது அந்தச் சட்டம், முஸ்லிம்களுக்கு அடைக்கிறது. தமிழகத்து முகாம்களில் பல்லாண்டுகளாக வாழும் இலங்கைத் தமிழரை அது கண்டுகொள்ளவே இல்லை. மட்டாஞ்சேரித் தமிழருக்கு இந்தச் சட்டம் இரண்டு வகையில் வலிக்கிறது: பக்கத்து வீட்டுக்காரரை அது சந்தேகிக்கிறது, தன் மொழி பேசும் அகதியை அது மறக்கிறது.

பணத்தின் அரசியலும் அவருக்குத் தெரியும். தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு பிப்ரவரி 15 அன்று செல்லாது என்று அறிவித்தது. அந்த வழக்கைத் தொடுத்தோரில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒன்று. ஜூன் 30 வரை அவகாசம் கேட்ட பாரத ஸ்டேட் வங்கிக்கு நீதிமன்றம் அவகாசம் தரவில்லை. மார்ச் மாதத்தில் வெளியான விவரங்களின்படி பாஜகவுக்குச் சேர்ந்த தொகை 6,000 கோடி ரூபாய்க்கும் மேல். காங்கிரசுக்கு 1,400 கோடிக்கும் மேல். அத்தேர்தலில் தமிழகத்தில் இடதுசாரிகளின் கூட்டணித் தலைமைக் கட்சியாக இருந்த திமுகவுக்கு 600 கோடிக்கும் மேல். இடதுசாரிகள் பத்திரத்தின் வழியாக ஒரு ரூபாயும் வாங்கவில்லை. பாஜகவின் தொகையை உரக்கச் சொல்லிவிட்டு மற்றவற்றை மென்று விழுங்கினால் இந்தக் குடிமகன் அதைக் கவனிப்பார். முழுவதையும் சொன்னால்தான் வாங்காதவர்களின் பெருமை அவருக்கு விளங்கும்.

தொழிலாளி என்ற முறையில் அவருக்கு அச்சம் தருவது நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 29 சட்டங்களை நான்காகச் சுருக்கிய அவற்றில் மூன்று, 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்து வெளியே நின்ற நாட்களில் நிறைவேற்றப்பட்டன. 300 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் ஆலையை அரசின் முன்அனுமதியின்றி மூடலாம். வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு எல்லாத் தொழில்களிலும் கட்டாயம். துறைமுகத் தொழிலாளரின் பாதுகாப்புக்கென்றே இயற்றப்பட்ட 1986ஆம் ஆண்டுச் சட்டமும் இவற்றுள் கரைந்துவிட்டது. 2024 ஏப்ரலில் இத்தொகுப்புகள் இன்னும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. வருவதும் வராததும் அந்தத் தேர்தலின் முடிவைப் பொறுத்திருந்தது. சாப்பாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு, சங்கத்தின் கையைக் கட்டும் சட்டம் எந்தத் திசையில் கொண்டுபோகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவற்றோடு அந்த வாரத்துச் செய்திகள் இரண்டு. ஏப்ரல் 21 அன்று ராஜஸ்தானின் பான்ஸ்வாடாவில் பேசிய பிரதமர், காங்கிரஸ் வந்தால் மக்களின் சொத்து ஊடுருவல்காரர்களுக்கும் அதிகப் பிள்ளைகள் பெறுவோருக்கும் பங்கிடப்படும் என்ற பொருள்படப் பேசினார். பத்தாண்டுகள் ஆண்டவர், வேலையின்மையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது, கூட்டத்தின் நடுவே எறிந்த சாப்பா இது. அடித்துக்கொள்ள வேண்டியவர்கள் மக்கள். எறிந்தவருக்கு அதுவே ஆதாயம். மறுநாள் ஏப்ரல் 22 அன்று குஜராத்தின் சூரத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளரின் மனு தள்ளுபடியாகி, எஞ்சிய வேட்பாளர்கள் அனைவரும் விலகிக்கொள்ள, பாஜக வேட்பாளர் போட்டியின்றி வெற்றிபெற்றதாக அறிவிக்கப்பட்டார். ஒரு பெரும் தொழில் நகரத்தின் வாக்காளர்கள் ஒரு வாக்கும் அளிக்காமலேயே தேர்தலை முடித்துவிட்டார்கள். வாக்கு என்பது என்றும் கையில் இருக்கும் பொருள் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எந்த மேடைப் பேச்சும் உணர்த்தாது.

ஒரு கொள்கை, இரண்டு களங்கள்

எதிரி யார் என்பதில் குழப்பம் இல்லை. குழப்பம், நண்பர் யார் என்பதில். களியக்காவிளையைக் கடந்தால் போதும், அது கண்ணுக்குத் தெரியும். இப்பக்கம் கன்னியாகுமரியில் காங்கிரசின் விஜய் வசந்துக்காக இடதுசாரித் தோழர்கள் வீடுவீடாகச் சென்றார்கள். அப்பக்கம் திருவனந்தபுரத்தில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பன்னியன் ரவீந்திரன் காங்கிரசின் சசி தரூரை எதிர்த்து நின்றார். வயநாட்டில் ராகுல் காந்தியை எதிர்த்து ஆனி ராஜா நின்றார். மார்ச் 31 அன்று டெல்லி ராம்லீலா மைதானத்தில், கெஜ்ரிவால் கைதைக் கண்டித்து நடந்த பேரணியில் சீத்தாராம் யெச்சூரியும் டி. ராஜாவும் ராகுல் காந்தியும் ஒரே மேடையில் இருந்தார்கள். மூன்று வாரம் முடிவதற்குள், ஏப்ரல் 18 அன்று கண்ணூரில் பேசிய ராகுல் காந்தி, இரண்டு முதலமைச்சர்கள் சிறையில் இருக்கும்போது கேரள முதலமைச்சரை மட்டும் ஏன் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவசரநிலைக் காலத்தில் தன்னைச் சிறையில் வைத்தது யாருடைய பாட்டி என்று பினராயி விஜயன் நினைவூட்டினார்.

இந்தப் பேச்சை இங்குள்ள குடிமகன் எப்படிக் கேட்டிருப்பார்? அமலாக்கத் துறையின் அத்துமீறலை எதிர்த்து ராம்லீலாவில் முழங்கியவர், அதே துறை இன்னொரு எதிர்க்கட்சி முதலமைச்சரைக் கைது செய்யவில்லையே என்று கண்ணூரில் கேட்டது தவறு. அதைத் தவறு என்று சொல்லும் உரிமை இடதுசாரிகளுக்கு முழுமையாக உண்டு. ஆனால் அக்குடிமகன் அதோடு நிற்கமாட்டார். ‘நீங்கள் இருவரும் இப்படிப் பேசிக்கொண்டால் ஜூன் 4க்குப் பிறகு ஒரே மேசையில் எப்படி உட்காருவீர்கள்?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் துண்டுப்பிரசுரத்தை நீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகக்கூடாது.

பதில் இருக்கிறது, அது எளிய கணக்கில் தொடங்குகிறது. 2019இல் கேரளம் 20 இடங்களில் 19ஐ ஐக்கிய ஜனநாயக முன்னணிக்குத் தந்தது. எர்ணாகுளத்தில் ஹைபி ஈடன் பி. ராஜீவை ஏறத்தாழ 1 லட்சத்து 69 ஆயிரம் வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். ராகுல் காந்தி பிரதமராவார் என்ற நம்பிக்கையில் இடதுசாரி ஆதரவாளர்களில் ஒரு பகுதியினரும் அன்று கைச்சின்னத்துக்கு வாக்களித்தார்கள். பாஜகவுக்கு நாடு முழுவதும் கிடைத்தவை 303 இடங்கள். அந்த 19 இடங்களால் இந்த 303இல் ஒன்றுகூடக் குறையவில்லை. கேரளத்தில் பாஜகவிடமிருந்து பறிப்பதற்கு அன்று ஓர் இடமும் இருக்கவில்லை. குறைந்தது நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளின் குரல் மட்டுமே. மார்க்சிஸ்ட் கட்சிக்கு மூன்று, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இரண்டு. ஐவரில் நால்வர் தமிழகத்திலிருந்து, ஒருவர் மட்டும் கேரளத்திலிருந்து.

ஆக, இரு மாநிலங்களிலும் இடதுசாரிகளின் நோக்கம் ஒன்றே: பாஜகவின் எண்ணிக்கை குறைய வேண்டும், நாடாளுமன்றத்தில் இடதுசாரிகளின் எண்ணிக்கை உயர வேண்டும். தமிழகத்தில் மதச்சார்பற்ற வாக்குகள் சிதறினால் பாஜகவோ அதன் கூட்டாளிகளோ பயனடைவார்கள். எனவே அங்கே கூட்டணி. கேரளத்தின் பெரும்பாலான தொகுதிகளில் போட்டியே இரண்டு மதச்சார்பற்ற அணிகளுக்கு இடையில்தான். அங்கே இரண்டும் ஒன்றாகிவிட்டால், ஆளுங்கட்சிக்கு எதிரான மனநிலை போய்ச் சேர்வதற்கு எஞ்சியிருக்கும் ஒரே முகவரி பாஜகவாகத்தான் இருக்கும். இரண்டு களங்களிலும் வெவ்வேறு வழியில் நடப்பதால் கொள்கை இரண்டாகிவிடாது.

2004 சொன்ன பதில்

குடிமகன் இதற்கும் ஒரு மறுப்பு வைத்திருப்பார். குடியரசுத் தலைவர் முதலில் அழைப்பது தனிப்பெரும் கட்சியைத்தானே, அப்படியானால் காங்கிரசுக்கு ஒவ்வோர் இடமும் முக்கியம் அல்லவா என்பது அவர் கேள்வி. கேரளத்துக் காங்கிரஸ் இந்த வாதத்தைத்தான் வீட்டுக்கு வீடு கொண்டுசென்றது. மேலோட்டமாகப் பார்த்தால் வலுவான வாதம். ஆனால் வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது. 1996 மே மாதத்தில் தனிப்பெரும் கட்சி என்ற முறையில் அழைக்கப்பட்ட வாஜ்பாய் 13 நாட்களில் பதவி விலகினார். பிறகு அமைந்தது ஐக்கிய முன்னணி அரசு. அவையில் பெரும்பான்மை எங்கே இருக்கிறதோ, ஆட்சி அங்கே போய்ச் சேரும்.

இன்னும் நேரடியான சான்று 2004. அந்த ஆண்டில் கேரளம் இடது ஜனநாயக முன்னணிக்கு 18 இடங்களைத் தந்தது. எர்ணாகுளத்திலும் அம்முன்னணி ஆதரித்த செபாஸ்டியன் பால் வென்றார். காங்கிரசுக்குக் கேரளத்தில் ஓர் இடம்கூட இல்லை. அதனால் டெல்லியில் பாஜக ஆட்சி வந்துவிட்டதா? இல்லை, வாஜ்பாய் அரசு வீழ்ந்தது. ஏறத்தாழ 60 இடதுசாரி உறுப்பினர்களின் ஆதரவோடு காங்கிரஸ் தலைமையிலான அரசு அமைந்தது. கேரளத்தில் காங்கிரசைத் தோற்கடித்துச் சென்றவர்கள்தான் டெல்லியில் அந்த அரசைத் தாங்கி நின்றார்கள்.

தாங்கி நின்றது மட்டுமல்ல, அந்த அரசு எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. குறைந்தபட்சப் பொதுத்திட்டம் எழுதப்பட்டது. 2005இல் ஊரக வேலை உறுதிச் சட்டமும் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் வந்தன. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. பெல் நிறுவனத்தின் பங்குகளை விற்கும் முயற்சி இடதுசாரிகளின் எதிர்ப்பால் 2005இல் நின்றது. திருவெறும்பூரில் அந்த ஆலையை நம்பி வாழும் குடும்பங்கள் அதை அறியும். பின்னர் 2008 ஜூலையில் அணுசக்தி உடன்பாட்டை முன்னிட்டு இடதுசாரிகள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். 2009இல் அவர்களின் எண்ணிக்கை 24 ஆகச் சுருங்கியது. அவர்கள் தேவைப்படாத இரண்டாவது ஆட்சியில், 2010 ஜூன் மாதத்தில், பெட்ரோல் விலையை நிர்ணயிக்கும் பொறுப்பை அரசு கைவிட்டது. பெயர் அதே கூட்டணி, பிரதமர் அதே மன்மோகன் சிங். மாறியது அவையில் இடதுசாரிகளின் எடை. மட்டாஞ்சேரிக் குடிமகன் வாக்குச்சாவடிக்குள் நுழையும்போது நினைவில் கொள்ள வேண்டிய எண்கள் இந்த 60ம் இந்த 24ம்.

2024இன் காங்கிரசிலும் அந்தத் தேவை தெரிந்தது. ஏப்ரல் 5 அன்று வெளியான அதன் தேர்தல் அறிக்கையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. அதற்கு முந்தைய நாள் வெளியான மார்க்சிஸ்ட் கட்சியின் அறிக்கை, அந்தச் சட்டத்தையும் ‘உபா’வையும் பணமோசடித் தடுப்புச் சட்டத்தையும் நீக்கக் கோரியது. அந்தச் சட்டத்தை எதிர்த்து 2019 டிசம்பர் 31 அன்று தீர்மானம் நிறைவேற்றியது கேரளச் சட்டமன்றம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சென்ற முதல் மாநிலமும் கேரளமே. பாஜக அல்லாத ஓர் அரசு அமைந்தால், அந்தச் சட்டத்தை நினைவூட்டுவதற்கு அவைக்குள் ஆட்கள் வேண்டும்.

பதிலின் எல்லைகள்

இந்தப் பதில் சரியானது என்பதால் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது. அதைத் தோழர்களே முதலில் ஒப்புக்கொள்வது நல்லது. 2019இல் திருவனந்தபுரத்தில் இரண்டாம் இடம் பிடித்தது பாஜக. திருச்சூரில் மூன்றாம் இடம் என்றாலும் 2 லட்சத்து 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை வாங்கியது. 2016இல் நேமம் தொகுதியின் வழியாக அது சட்டமன்றத்துக்குள் நுழைந்தது. 2021இல் அந்தக் கதவை அடைத்தவர்கள் இடதுசாரிகள்தான். ஆயினும் மும்முனைப் போட்டி உள்ள இடங்களில் ‘கேரளத்தில் பாஜகவுக்கு இடமே இல்லை’ என்ற நிம்மதி ஆபத்தானது. அங்கே இரு முன்னணிகளும் ஒன்றையொன்று தூற்றுவதிலேயே நாளைக் கழித்தால் மூன்றாமவன் அமைதியாக நடந்து போய்விடுவான்.

குடிமகனின் மனத்தாங்கல் டெல்லியோடு முடிவதில்லை. அப்போது மாதம் 1,600 ரூபாயாக இருந்த நலத்துறை ஓய்வூதியம் பல மாதங்கள் நிலுவையில் நின்றதை அவர் வீட்டு முதியவர் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்து கொச்சி நகரமே நாட்கணக்கில் புகையில் மூச்சுத் திணறியபோது, மாநகராட்சியும் மாநில அரசும் இடதுசாரிகளிடம்தான் இருந்தன. கருவன்னூர் கூட்டுறவு வங்கியில் சிக்கிக்கொண்டது உழைத்துச் சேர்த்தவர்களின் பணம். கருவன்னூரைக் காட்டி அமலாக்கத் துறை தேர்தல் விளையாட்டு ஆடுகிறது என்பது உண்மை; வைப்பாளர்கள் பணத்துக்கு அலைந்தார்கள் என்பதும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைக்க முயன்றால், பின்வரிசையில் நிற்பவர் ஓசையின்றி வெளியேறிவிடுவார்.

ஓய்வூதிய நிலுவைக்கு ஒரு பின்னணி உண்டு. அதைப் பொறுமையாக விளக்க வேண்டும். மாநிலத்தின் கடன் வரம்பை ஒன்றிய அரசு சுருக்கியது. கிஃப்பி நிறுவனம் வாங்கிய கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கிட்டது. 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 ஏப்ரல் 1 அன்று அந்த வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. நிதிப் பங்கீட்டில் இழைக்கப்படும் அநீதியை எதிர்த்துப் பிப்ரவரி 7 அன்று கர்நாடகத்தின் காங்கிரஸ் அரசு டெல்லி ஜந்தர் மந்தரில் போராடியது. மறுநாள் பிப்ரவரி 8 அன்று அதே இடத்தில் பினராயி விஜயன் தலைமையில் கேரள அரசு போராடியது; தமிழக அமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அதில் கலந்துகொண்டார். கேரளத்துக் காங்கிரஸ் கலந்துகொள்ளவில்லை. வெள்ள நிவாரணத்துக்காகத் தமிழகமும் வறட்சி நிவாரணத்துக்காகக் கர்நாடகமும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியிருந்த நேரம் அது. கர்நாடகக் காங்கிரசுக்கு நியாயமாகத் தெரியும் கோரிக்கை கேரளக் காங்கிரசுக்கு மட்டும் நாடகமாகத் தெரிவது ஏன் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கசப்பின்றிக் கேட்டால் அது காங்கிரசுக்கு வாக்களிப்பவரின் காதிலும் ஏறும்.

வெள்ளிக்கிழமைக்கு முன்னும் ஜூன் 4க்குப் பின்னும்

எர்ணாகுளத்தில் மூன்றாவதாக நின்றவர் பாஜகவின் கே.எஸ். ராதாகிருஷ்ணன். போட்டி ஷைனுக்கும் ஹைபி ஈடனுக்கும் இடையில்தான் என்பதைத் தொகுதி அறிந்திருந்தது. எனவே இங்கே இடதுசாரிகளுக்கு வாக்களித்தால் பாஜக வந்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமிருக்கவில்லை. வடக்குப் பரவூர் நகராட்சி உறுப்பினராகப் பணியாற்றிய ஓர் ஆசிரியை நாடாளுமன்றத்துக்குப் போவதால் மோடி எதிர்ப்பு அணியின் கணக்கில் ஒன்று கூடுமேயன்றிக் குறையாது. தோழர்கள் சொல்ல வேண்டியது இதை. அதுவும் அச்சுறுத்தாமல், கணக்கை எடுத்துவைத்து.

எஞ்சியுள்ள நாட்களில் பேச்சின் அளவும் முக்கியம். காங்கிரசின் தடுமாற்றங்களை விமர்சிப்பது கடமை. ஆனால் காங்கிரஸ்தான் முதன்மை எதிரி என்ற எண்ணத்தைக் கேட்பவரின் மனத்தில் விதைத்துவிடக் கூடாது. பத்து நிமிடப் பேச்சில் எட்டு நிமிடங்கள் மோடி அரசின் பத்தாண்டுகளுக்கும் இரண்டு நிமிடங்கள் காங்கிரசுக்கும் என்று ஒதுக்கினால், அந்த விகிதமே கட்சியின் நிலைப்பாட்டைச் சொல்லிவிடும். விகிதம் தலைகீழானால், பின்வரிசையில் நிற்பவரும் தலைகீழாகவே புரிந்துகொள்வார். மதுரையிலிருந்து பேசும் உறவினர் ‘நாங்கள் அவர்களோடு சேர்ந்து வாக்குக் கேட்டோமே’ என்று சொல்லும்போது, மட்டாஞ்சேரிக்காரர் ‘நாங்கள் எதிர்த்துக் கேட்கிறோம், போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்’ என்று தயங்காமல் பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

ஜூன் 4க்குப் பின்னும் வேலை இருக்கிறது. பாஜக அல்லாத அரசு அமைந்தால், தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் மாநிலங்களின் நிதி உரிமையும் அந்த அரசின் மேசையில் முதல் நாளிலேயே வைக்கப்பட வேண்டும். அமையாவிட்டால், அதே கோரிக்கைகள் தெருவுக்கு வரவேண்டும். சாப்பாவை ஒழித்தது வாக்கு மட்டும் அல்ல, சங்கமும் போராட்டமும் கூடத்தான். 1953இல் வீழ்ந்த மூவரும், எறியப்படும் வில்லைக்காக இனி அடித்துக்கொள்வதில்லை என்று முடிவெடுத்த தொழிலாளர்களோடு நின்றவர்கள். மதத்தின் பெயரால் எறியப்படும் வில்லையை இன்று குனிந்து பொறுக்காதவர்கள் எல்லாம் அவர்களின் வாரிசுகள். அவர்களில் கைச்சின்னத்துக்கு வாக்களிப்போரும் உண்டு.

மட்டாஞ்சேரிக் குடிமகனின் கேள்விக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவர் வாக்களித்துவிடுவார் என்ற நம்பிக்கையில் அவர் வீட்டைக் கடந்து செல்லும் தோழர், ஒரு முறை நின்று கதவைத் தட்டட்டும்.